டொலார்டிலிருந்து ஓர் அகதி

இன்டர்வியூ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் சனம் பத்திரங்களைத் தேடத் தொடங்கும். வேலைக்கு இன்டர்வியூ, பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூ எல்லாம் மற்ற ஆட்களுக்கு இருக்கலாம். மொன்றியலில் இருக்கிற யாழ்ப்பாணத்தானுக்கு இன்டர்வியூ என்றால் ஒன்றுதான், அகதி விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நீ, நடுவில் கண்ணைத் துடைக்க ஒரு ரிஷ்யூ பெட்டி. அழுதால் நம்புவார்களா, அழாவிட்டால் நம்புவார்களா என்று தெரியாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நானும் ஒருதரம் அப்படி இருந்து, கேஸை வென்று, இனி ஆயுளுக்கும் யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகச் சீவித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு வாடகை வீடு தேவைப்பட்டது.

எனக்குத் தேவைப்பட்டது என்று சொல்வது பொய். நிரோஜாவுக்குத்தான் தேவைப்பட்டது. நிரோஜா என் மனைவி. அவள் ஸ்பொன்சரில் வந்து இறங்கிய நாளிலிருந்து நாங்கள் மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவளுடைய அண்ணன் சிவநேசத்தின் வீட்டு பேஸ்மென்டில் இருந்தோம். சிவநேசம் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவர் என்றால் ஒரு சண்டையைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக வெளியேறியிருக்கலாம். எங்கள் அறைக்கு முந்தி ஒரு கதவு இருந்தது. நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்கு இடைஞ்சல் என்று அவரே அதைக் கழற்றிக் கராஜில் சாத்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் மீன் படம் போட்ட ஷவர் கேர்ட்டின் ஒன்றைக் கட்டியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டுக்குச் சூடு தருகிற ஃபேர்னஸ். அந்த ஃபேர்னஸ் மேல் சிவநேசத்துக்கு இருந்த பாசத்தை எழுத்தில் வடிக்க முடியாது. நினைத்த நேரத்தில் இறங்கி வந்து, அதைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இண்டைக்குச் சத்தம் பரவாயில்லை" என்று எங்களுக்கும் சொல்லிவிட்டுப் போவார். புதிதாகக் கல்யாணம் செய்த இரண்டு பேர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு "ஓம் அண்ணை" என்போம்.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரோஜா சொன்னாள்:

"இஞ்சருங்கோ, ஜூலை முதலாம் திகதிக்கு எனக்கு ஒரு கதவு வேணும். உள்ளுக்க இருந்து பூட்டுற கதவு. வீடு சின்னனெண்டாலும் பரவாயில்லை. கதவு கிடைக்காட்டி நான் ரொறொன்ரோவில சின்னம்மா வீட்டை போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அந்த ஒரே நாளில்தான் முடியும். நகரமே கட்டிலையும் மெத்தையையும் தலையில் தூக்கிக்கொண்டு இடம் மாறும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். நிரோஜா சொன்னால் சொன்னதுதான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

நான் வேலை செய்தது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில். ஊறுகாய்க்குக் கோவாவை, அதுதான் முட்டைக்கோஸை, வெட்டுவது, உப்பில் ஊறப்போடுவது, திரும்பவும் கோவா வெட்டுவது. அந்தத் தெருவில் சலூன், தேவாலயம், பலசரக்கு, பியானோ வகுப்பு எல்லாம் கொரிய எழுத்தில்தான் இருக்கும். அப்பாமார் சியோலில் உழைக்க, அம்மாமார் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே இரண்டு மொழி படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். வீடு ஒன்று காலியானால் வெளியே போர்டு தொங்க முன்பே ஓர் அம்மாவின் வாயிலிருந்து இன்னோர் அம்மாவின் காதுக்குப் போய், அடுத்த விமானத்தில் ஆள் வந்துவிடும். எனக்கு எங்கே கிடைக்கும்? வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கதவு கிடைத்தால் கடவுளே என்றிருந்தேன்.

ஒரு நாள் முதலாளி வந்து சொன்னார். பின் தெருவில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு இருக்கிறதாம். இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாம். "ஆனால் இன்டர்வியூ" என்றார்.

நான் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டேன்.

அன்றே அருளம்பலம் அண்ணையிடம் போனேன். அருளம்பலம் கோட்-டெ-நேஜில் இருக்கிறவர். ஒரு காலத்தில் அகதி விசாரணைகளுக்கு ஆட்களைப் பழக்கியவர். அவர் பழக்கிய ஆட்கள் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் திகதி மாறாமல் சொல்வார்கள். இலங்கையில் சமாதானப் பேச்சுக் காலம் வந்து தொழில் படுத்துப் போனதில் மனிதர் நொந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"எத்தினை பேர் கேள்வி கேப்பினம்?"

"மூண்டு பேராம்."

"மேசை இருக்குமோ?"

"இருக்கும்தானே அண்ணை."

"அப்ப அது கேஸ்தான். வீடோ நாடோ, கேக்கிறவன்ர புத்தி ஒண்டுதான். கதவைத் தட்டினவனை ஏன் உள்ள விடவேணும் எண்டு யோசிக்கிற புத்தி. சரி, சொல்லும். உமக்கு ஆரால பயம்?"

"மச்சானால."

"அடிச்சவரோ?"

"இல்லை. தட்டினவர்."

"ஆரை?"

"ஃபேர்னஸை."

அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "நல்ல கேஸ்" என்றார்.

இரண்டு கிழமை, முழுதாகப் பதினாலு நாள், பயிற்சி நடந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி. தெரியாததை ஊகிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. ரிஷ்யூ பெட்டியை அவர்களாக நீட்டும் வரைக்கும் அழக் கூடாது. நிரோஜா டிப்பென்டன்ட், என் கேஸில் தங்கியிருப்பவள், அவள் வாயே திறக்கக் கூடாது.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசரோ?" என்றாள் நிரோஜா. "வீட்டைப் போய்ப் பாப்பம். பிடிச்சா எடுப்பம், இல்லாட்டி விடுவம். அதுக்கேன் அழுது பழகிறியள்?"

வீட்டைப் பார்க்க முடியாது என்பதுதான் அங்கே முதல் விதி. தேர்வு செய்யப்பட்ட பிறகுதான் காட்டுவார்கள். காரணத்தைத் தொலைபேசியிலேயே விளக்கினார்கள்: "வீட்டுக்காக வருகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம்."

அந்தக் குடியிருப்புக்குப் பிரெஞ்சில் நீளமான ஒரு பெயர். தமிழில் நல்லிணக்கக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்து மண்டபத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மேசையும் இருந்தது. நடுவில் ரிஷ்யூ பெட்டி. அருளம்பலம் அண்ணை தீர்க்கதரிசி.

தலைவி மதாம் லப்ரெக். காதில் பெரிய மரத் தோடு. செயலாளர் மிஸ்டர் வெண்டல், ஓய்வுபெற்ற ஆள், முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட். மூன்றாவது ஆள் மிஸிஸ் பேக் என்ற கொரிய அம்மா. எங்கள் கடைக்குச் சாப்பிட வருகிறவர். அவர் குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"முதலில் கட்டடத்தைக் கேட்போம்" என்றார் மதாம். மூவரும் கண்ணை மூடினார்கள். நாங்களும் மூடினோம். எங்கேயோ ஒரு தண்ணீர்க் குழாய் குர்ரென்றது.

"கட்டடம் சம்மதிக்கிறது" என்று மதாம் கண்ணைத் திறந்தார்.

பிறகு மேசையில் பட்டுத் துணியில் சுற்றியிருந்த ஒரு மர அகப்பையை வெளியே எடுத்தார். குடியிருப்பைத் தொடங்கிய குடும்பங்கள் ஒரே பானையில் பட்டாணி சூப் காய்ச்சிக் குடித்த நாளில் கிளறிய அகப்பையாம். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். அகப்பை இல்லாமல் கூட்டம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. மதாம் அகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார். அவர் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் தருகிறேன்:

"எங்கள் குடியிருப்பில் தலைவர் என்று எவரும் இல்லை. அந்த இல்லாத பதவியில் நான்தான் தொடக்கத்திலிருந்து இருக்கிறேன். இங்கே எல்லா முடிவுகளையும் எல்லோரும் சேர்ந்து எடுப்போம். எல்லோருக்கும் வர நேரம் இல்லாததால் நான் எடுக்கிறேன். நாங்கள் எவரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை. எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகிக்கிறோம். எங்களிடம் பெரும்பாலும் கொரியக் குடும்பங்கள். அருமையான மக்கள். இதுவரை ஒருவர்கூட முறைப்பாடு செய்ததில்லை. முறைப்பாட்டுக் குழு பிரெஞ்சில் மட்டும் கூடுகிறது."

மிஸிஸ் பேக் இதை எழுதிக்கொண்டார். எழுதுகிறவருக்கு அகப்பை தரப்படுவதில்லை. எழுதுகிறவருக்குக் கருத்து இருந்தால் குறிப்பு கெட்டுவிடும் என்பது விதி.

அகப்பை மிஸ்டர் வெண்டலிடம் போனது. அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு சூப்பில் நீங்கள் எந்தக் காய்கறியாக இருக்க விரும்புவீர்கள்?"

அகப்பை என் கைக்கு வந்தது. இப்படிக் குறுக்குக் கேள்வி வரும், சிக்க வைப்பார்கள் என்று அருளம்பலம் அண்ணை எச்சரித்திருந்தார்.

"என் அறிவுக்கு எட்டியவரை நான் எந்தக் காய்கறியாகவும் இருந்ததில்லை. எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை" என்றேன்.

மிஸ்டர் வெண்டலின் புருவம் உயர்ந்தது. மதாம் அகப்பையை வாங்கினார். "நல்லது. எங்களோடு ஏன் வாழ விரும்புகிறீர்கள்? தோட்டத்தில் ஆர்வமா?"

இதற்காகத்தான் நான் இரண்டு கிழமை பழகியிருந்தேன். முதுகை நிமிர்த்தினேன்.

"என்னை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குத் திருப்பி அனுப்பினால், என் மச்சானால் எனக்கும் என்னில் தங்கியிருப்பவருக்கும் பாரதூரமான பாதிப்பு ஏற்படும் என்று நியாயமான அச்சம் கொண்டிருக்கிறேன்."

நிரோஜா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மதாம் கண்ணாடியைக் கழற்றினார். ஆண்டாண்டு காலமாகத் தக்காளிச் செடி வளர்ப்பீர்களா, பியானோ வாசிப்பீர்களா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த குழு அது. முதன்முறையாக ஒருவன் அவர்கள் மேசைக்கு ஆபத்தைக் கொண்டுவந்திருக்கிறான். மதாமின் கண் பளபளத்தது.

"அச்சுறுத்தல் எந்த வகையானது?"

ஃபேர்னஸைச் சொன்னேன். ஷவர் கேர்ட்டினைச் சொன்னேன். மீன் படத்தையும் விடவில்லை. படியில் இறங்க முன்பு அவர் ஒருதரம் இருமுவார் என்பதையும், அந்த இருமலுக்கும் அவர் தலை தெரிவதற்கும் இடையில் எவ்வளவு குறைந்த அவகாசம் என்பதையும் நேர்மையாகச் சொன்னேன். மிஸ்டர் வெண்டல் ரிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். தள்ளியபடியால் அழுதேன்.

"ஒரே ஒரு கேள்வி" என்று மதாம் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் வேறொரு இடத்தில் பாதுகாப்பாக வாழ முடியாதா? உதாரணமாக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில்?"

அந்த நாளில் என் கேஸிலும் இதே கேள்வி வந்தது. அப்போது கொழும்பு.

"முடியாது மதாம். அவரிடம் கார் இருக்கிறது. புரோசார்டில் அவருக்குச் சகலன் இருக்கிறார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

நிரோஜா பஸ் தரிப்பில்தான் வாயைத் திறந்தாள். "என்ர அண்ணாவைப் பற்றி எல்லாம் சொல்லி முடிஞ்சுதோ, இல்லாட்டி மிச்சம் ஏதும் இருக்கோ?"

"கதவு வேணுமெண்டனீர்தானே?"

"கதவைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லையேப்பா நீங்கள்!"

உண்மைதான். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் மறுமொழி சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் தெருவில் என்னைக் கண்ட கொரிய அம்மாமார் தலையைச் சரித்து, இரக்கத்தோடு பார்த்து, ஊறுகாய்ப் போத்தல்களைக் கையில் திணித்தார்கள். நான் நாள் முழுக்கப் போடுகிற அதே கோவா ஊறுகாய். "என்ன செய்தாய் நீ?" என்று முதலாளி கேட்டார். எனக்கே தெரியாததால் கோவாவை வெட்டினேன்.

மிஸ்டர் வெண்டல் தலைமையில் உண்மை அறியும் குழு ஒன்று டொலார்டுக்குப் பயணம் போய் வந்தது. அவர் ஒருவர்தான் குழு. இரண்டாவது விசாரணையில் அவர் எழுந்து நின்று அறிக்கை வாசித்தார்:

"பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனித நடமாட்டமே இல்லை. எல்லா வீடுகளும் கராஜை முன்னே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கதவு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. புல் எல்லாம் ஒரே உயரம். ஓர் ஆளைக் கண்டு வணக்கம் சொன்னேன். அவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார். நிலைமை விண்ணப்பதாரியின் அச்சத்தோடு ஒத்துப்போகிறது."

"பயங்கரம்" என்றார் மதாம், அகப்பை இல்லாமலே. பிறகு விதி ஞாபகம் வந்து அகப்பையை வாங்கித் திரும்பவும் "பயங்கரம்" என்றார்.

அடுத்ததாகச் சாட்சி அழைக்கப்பட்டார். கதவைத் திறந்துகொண்டு சிவநேசம் வந்தார். கல்யாணவீட்டுக் கோட், சிவப்பு டை. எனக்கு உயிர் போய்விட்டது. குழு அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறது. கூட்டு வாழ்க்கை பற்றி உங்கள் அனுபவத்தைச் சொல்ல வாருங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தொழிற்சாலையில் சுப்பர்வைசராக இருக்கிற மனிதர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த அழைப்பு அது. என்னைக் கண்டு, "எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை, சாரங்கன்? ரெண்டு வசனம் எழுதிக்கொண்டு வந்திருப்பன்" என்று தோளில் தட்டினார்.

அகப்பையைக் கையில் வாங்கியதும் சிவநேசம் மைக் கிடைத்த மாதிரி மலர்ந்துவிட்டார்.

"மதிப்புக்குரிய சபையோரே, என் வீட்டில் நாங்கள் ஒளிவுமறைவு இல்லாமல் வாழ்கிறோம். ஏனென்றால் கதவுகள் இல்லை. கதவு என்பது என்ன? சந்தேகம். தங்கையும் மச்சானும் என் பொறுப்பு. அவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது குளிக்கிறார்கள் என்று தெரியாமல் நான் எப்படி அவர்களிடம் அன்பாக இருப்பது? தண்ணீர் வீணாகாமல் இருக்க, அவர்கள் குளிக்கும்போது நான் மேலே ஒரு முட்டையை அவிய வைப்பேன். முட்டை அவிந்ததும் தண்ணீரை நிற்பாட்டுவேன். எவரையும் திடுக்கிட வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே இருமிவிட்டுத்தான் இறங்குவேன். எல்லோரும் இருமுவதில்லை. நான் இருமுவேன்."

மிஸ்டர் வெண்டல் வாயைப் பொத்திக்கொண்டார். சிவநேசம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு லேசாகக் குனிந்து வணங்கினார். மதாம் மட்டும் வாயைப் பொத்தவில்லை. ஆர்வமாக எழுதிக்கொண்டிருந்தார். "அந்த முட்டை, அது பெரிய முட்டையா, நடுத்தரமா?" என்று கேட்டார்.

எனக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது. ஆனால் நான் வெல்லப் போகிற சந்தோஷத்தில் இருந்தேன்.

மூவரும் ஒதுங்கி நின்று குசுகுசுத்தார்கள். குசுகுசுத்தது இருவர், மிஸிஸ் பேக் எழுதினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மதாம் எழுந்தார்.

"நல்லிணக்கக் குடியிருப்பு, எல்லாச் சான்றுகளையும் கருத்தில் எடுத்து, திரு சாரங்கனையும் அவரில் தங்கியிருப்பவரையும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து வந்த பாதுகாப்புத் தேவைப்படும் நபர்களாக அங்கீகரிக்கிறது. வரவேற்கிறோம்!"

நான் உடனே எழுந்து நின்றேன். போன தடவையும் அப்படித்தான் எழுந்து நின்றேன், பழக்கதோஷம். கண்ணீர் தானாக வந்தது. இந்த முறை ரிஷ்யூ பெட்டியை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. பின்னால் சிவநேசம் கைதட்டினார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அவருக்கு இன்னும் ஓடவில்லை. "டொலார்டில கராஜ் எல்லாம் அப்பிடித்தான், சரியா முன்னுக்கு வரும்" என்று மிஸ்டர் வெண்டலுக்கு அனுதாபத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நிரோஜா கையை நீட்டினாள். "அதைத் தாருங்கோ" என்று மதாமிடம் அகப்பையைக் கேட்டாள்.

டிப்பென்டன்ட் வாய் திறக்கக் கூடாது என்பதை ஞாபகப்படுத்த நான் அவள் காலை மிதித்தேன். அவள் திருப்பி மிதித்தாள். மதாம் புன்னகையோடு அகப்பையைக் கொடுத்தார்.

"ஒரு கேள்விதான்" என்றாள், தெரிந்த ஆங்கிலத்தில். "வீட்டுக் கதவுக்கு உள்ளே இருந்து பூட்டு இருக்கிறதா?"

மதாமின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி அகப்பையைத் திரும்ப வாங்கினார்.

"மகளே, பூட்டுகளை எல்லாம் நாங்கள் எப்போதோ கழற்றிவிட்டோம்! பூட்டு என்பது அயலவரின் முகத்தில் அறைவது. திறப்பு, சாவி என்ற பேச்சே இங்கே இல்லை. கேட்கும் வருகைக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் முறைவைத்து எல்லா வீடுகளுக்குள்ளும் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தின் மனநிலையைக் கேட்டுவிட்டு வருவார்கள். யார் சமைக்கிறார்கள், யார் சண்டை பிடிக்கிறார்கள், யார் தனிமையில் வாடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. பயப்படாதே. நாங்கள் அநாகரிகமானவர்கள் இல்லை. உள்ளே நுழைய முன்பு ஒரு சின்ன மணி அடிப்போம்."

பின்னாலிருந்து சிவநேசத்தின் குரல் வந்தது. மனம் நிறைந்த குரல்.

"மணி! அட, இருமலைவிட அது எவ்வளவு நல்லது! எனக்கு ஏன் இது யோசனை வரேல்லை?"

சிவநேசமும் மதாமும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரிந்து போன உறவினர்கள் விமான நிலையத்தில் சந்தித்த மாதிரி இருந்தது. அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். மதாம் அவருக்கு மணியின் அளவைக் காட்டினார். அவர் முட்டையின் அளவைக் காட்டினார்.

நிரோஜா இந்த இருவரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை, களைப்பு இருந்தது. இரண்டு கிழமை பயிற்சி, இரண்டு விசாரணை, ஒரு பெட்டி ரிஷ்யூ. அவள் கேட்டது ஒரு பூட்டு. அதை நான் ஒருவரிடமும் கேட்கவே இல்லை.

"வேண்டாம்" என்றாள் நிரோஜா.

"மன்னிக்கவும்?" என்றார் மதாம்.

"இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்."

மிஸ்டர் வெண்டல் விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். மதாமிடம் அகப்பையை வாங்கினார். "ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மறுப்பதற்கு ஏற்பாடு இல்லை" என்றார். "நிராகரிப்புக்கு மேல்முறையீடு இருக்கிறது. ஏற்புக்கு மேல்முறையீடு இல்லை. இதை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு கூடும் வரைக்கும் இவர்கள் சட்டப்படி இங்கே குடியிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் கேட்கும் வருகை?" என்றார் மதாம், அகப்பையின் மறு முனையை ஆவலாகப் பிடித்தபடி.

"இன்றைக்கே தொடங்கலாம்."

நான் இவ்வளவு நேரமும் வேட்டியைப் பறிகொடுத்தவன் போல நின்றேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக, அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்து எப்படித் தப்புவது என்று தெரியவில்லை. அதற்கு அருளம்பலம் அண்ணை பயிற்சி தரவில்லை.

அப்போதுதான் மிஸிஸ் பேக் பேனையை மூடினார். கிளிக் என்ற அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, மதாமின் கையிலிருந்த அகப்பையைப் பிடித்து இழுத்தார். மதாம் விடவில்லை. மிஸிஸ் பேக் விடுவதாகவும் இல்லை. நாள்தோறும் கோவா பிழிகிற கை அது. அகப்பை வந்துவிட்டது.

"ஒன்பது வருடமாக நான் எழுதுகிறேன்" என்றார். அவர் குரலை அந்தக் கட்டடம் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். "குளித்துவிட்டுத் துவாயோடு வருவேன். மிஸ்டர் வெண்டல் என் சோபாவில் உட்கார்ந்து என் மனநிலையைக் கேட்டுக்கொண்டிருப்பார். என் மனநிலையை நான் இப்போது சொல்கிறேன்."

கொரிய மொழியில் சொன்னார். நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கடைக் குசினியில் முதலாளி விரலை வெட்டிக்கொண்ட நாளில் கேட்ட சொற்கள் சில இடையில் வந்தன. மிஸ்டர் வெண்டல் தன் முழங்கைத் தோல் ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் நிரோஜாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "தெரு முனையில் சலூன் இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு வீடு காலி. போர்டு போட மாட்டாள், என் சிநேகிதி. பூட்டு இருக்கிறது. சங்கிலியும் இருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. வா."

இரண்டு பெண்களும் வெளியேறினார்கள். நான் பின்னால் ஓடினேன். மிஸிஸ் பேக் அகப்பையையும் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். மதாம் வாயைத் திறந்தார். கையில் ஒன்றும் இல்லை. வாயை மூடினார். மிஸ்டர் வெண்டல் கையை உயர்த்தினார். அதற்கும் யார் அனுமதி கொடுப்பது? இருவரும் மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை முடிக்க வழியே இல்லை. சிவநேசம்தான் அவர்களுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டு ஃபேர்னஸைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினார். அவரை நிற்பாட்ட அவர்களிடம் அகப்பை இருக்கவில்லை.

சலூன்காரி ஒரு பெண்ணின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் பழக்கத்தில் முதுகை நிமிர்த்தி, "எனக்கு நியாயமான" என்று தொடங்கினேன். நிரோஜா என் வாயைப் பொத்தினாள்.

சலூன்காரி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எப்போது வருகிறீர்கள்?"

ஜூலை முதலாம் திகதி வெயில் கொளுத்தியது. தெரு முழுக்கச் சோபாவும் குளிர்சாதனப் பெட்டியும் நடந்து போய்க்கொண்டிருந்தன. சிவநேசம் தன்னுடைய வானில் எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். நான் அவரைப் பற்றி என்னவெல்லாம் சொன்னேன் என்று இதற்குள் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் கதைக்கவில்லை. மெத்தையின் ஒரு முனையை நான் பிடிக்க மறு முனையை அவர் பிடித்தார். வழியெல்லாம், "இந்த ஏரியாவில சனநடமாட்டம் கூட, கவனமா இருக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். அவருக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்தது. தங்கச்சி போகிறாள் என்ற கவலை. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நிரோஜா எங்களுக்கு முன்னால் திறப்போடு ஓடிப் போய்விட்டாள். நாங்கள் மெத்தையோடு மேல்படிக்கு வருவதற்கும் கதவு மூடுவதற்கும் சரியாக இருந்தது. உள்ளே பூட்டு விழுந்தது. சங்கிலி விழுந்தது.

"என்ன, எங்களைக் காணேல்லையோ?" என்று சிவநேசம் கதவில் தட்டக் கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ அண்ணை" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

உள்ளே சங்கிலி கழன்றது. பூட்டுத் திறந்தது. கதவு திறக்கவில்லை. திரும்பவும் பூட்டு விழுந்தது, சங்கிலி விழுந்தது. பிறகு நிரோஜா தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. பேஸ்மென்டில் எங்கே சிரிப்பது?

சிவநேசமும் அதைக் கேட்டார். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. மனிதர் மெத்தையைச் சுவரில் சாய்த்தார். படியில் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார்.

"ஆறுதலாத் திறக்கட்டும்" என்றார்.

நானும் உட்கார்ந்தேன்.